ஆவடியும் ஜெனீவாவும்: தன்னியக்க ஆயுதங்கள் குறித்த இந்திய நிலைப்பாடு

2017 ஜூலையில், திருவள்ளூர் மாவட்டம் ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் ‘முந்த்ரா’ என்னும் ஆளில்லா ஊர்தியை அறிமுகப்படுத்தியது. கண்காணிப்புக்கும் கண்ணிவெடி கண்டறிதலுக்கும் உரிய அதனைத் தொலைவிலிருந்து மனிதரே இயக்கினர். தன்னியக்க ஆயுதம் என அதனைக் கூறவியலாது. அவ்வாண்டு நவம்பரில், ஜெனீவாவில், மரபுசார் ஆயுதங்கள் சிலவற்றைப் பற்றிய உடன்படிக்கையின் கீழ், தன்னியக்கக் கொலை ஆயுதங்கள் குறித்த அரசு வல்லுநர் குழு முதன்முறையாகக் கூடியது. தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். 2018இல் அவர் தலைமையில் உருவான 10 வழிகாட்டு நெறிகள் மறு ஆண்டு 11 ஆயின. அவை சட்டப் பிணிப்பற்றவை. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை இதுபற்றி நிறைவேற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 4 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஜெனீவா அரங்கே உரிய களம் என்பது அதன் வாதம். அங்கு முடிவுகள் கருத்தொற்றுமையால் எடுக்கப்படுவதால் ஒரு நாடு மறுத்தாலும் உடன்பாடு தடைப்படும். எனவே இதனை வெறும் நடைமுறை வாதமாகக் கொள்வதற்கில்லை.