சிரிப்பைச் சிறைபிடித்த பெட்டி

1945. ஜெர்மனி சரணடைந்துவிட்டிருந்தது. அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஜாக் முல்லின், பாட் நௌஹைம் என்ற ஊரில் இயங்கிய வானொலி நிலையத்துக்குள் நுழைந்தார். காந்த நாடாவில் ஒலியைப் பதியும் இயந்திரம் ஒன்று அங்கே துளி இரைச்சல் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. மனிதர் சொக்கிப்போனார். இரண்டு இயந்திரங்களைக் கழற்றி, ஐம்பது சுருள் நாடாவையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பொட்டலங்களுக்குள் ஒரு புதுத் தொழிலே சுருண்டு கிடந்தது அவருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் அப்போது பிங் கிராஸ்பியின் குரலுக்குப் பெரும் மவுசு. வாரா வாரம் நேரலையில் பாடுவது அவருக்கு அலுத்துவிட்டது. முன்கூட்டியே பதிந்துகொள்கிறேன் என்றதற்கு என்.பி.சி. வானொலி மறுத்துவிட, 1946இல் ஏ.பி.சி.க்குத் தாவினார். இசைத்தட்டில் பதிந்து ஒலிபரப்பினால் ஒலி மங்கியது, நேயர்களும் குறைந்தார்கள். அடுத்த ஆண்டே முல்லினின் நாடா கை கொடுத்தது. வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டலாம். முதலில் இதன் விபரீதம் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் பாப் பர்ன்ஸ் என்ற நகைச்சுவைக்காரர் விருந்தினராக வந்தார். பட்டிக்காட்டுப் பண்ணைக் கதைகள்தான் அவர் சரக்கு. அன்றைக்குக் கொஞ்சம் பச்சையாகவே போய்விட்டார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால், அந்தக் காலத்து வானொலியில் அதையெல்லாம் ஒலிபரப்ப முடியுமா? ஜோக்குகள் கத்தரிக்கப்பட்டன. எழுத்தாளர் பில் மாரோ மட்டும், சிரிப்பைத் தூக்கிப்போடாதீர்கள் என்று தடுத்தார். சில வாரங்கள் கழித்து ஒரு நிகழ்ச்சி சப்பென்று அமைந்தது. எடுத்துவைத்த சிரிப்பை அதில் ஒட்டச் சொன்னார் மாரோ. சொல்லாத ஜோக்குக்குக் கிடைத்த சிரிப்பு, சிரிப்பே வராத ஜோக்குக்குப் போய்ச் சேர்ந்தது!

அதற்குள் தொலைக்காட்சி வந்துவிட்டது. வந்த வேகத்தில் ஒரு பழைய சிக்கலையும் பெரிதாக்கியது. ஜோக் சொல்வதில் பாதி வித்தை, சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது. மேடையில் அந்த இடைவெளியை ரசிகர்களின் சிரிப்பு நிரப்பிவிடும். ஆளில்லாத ஸ்டுடியோவில் படம் பிடித்தால், நடிகர் வசனத்தை மறந்து முழிப்பது போலிருக்கும். சரி, ரசிகர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தாலோ, ஒரே காட்சியை நான்காம் தடவை எடுக்கும்போது அவர்கள் கொட்டாவி விட்டார்கள். வேறு நேரத்தில் அற்ப ஜோக்குக்கு அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். சி.பி.எஸ்.ஸில் ஒலிப் பொறியாளராக இருந்த சார்லி டக்ளஸுக்கு இந்தக் கணக்குப் பிசகு பொறுக்கவில்லை.

டக்ளஸ் போர்க்காலத்தில் கடற்படைக்காக ராடாரில் வேலை பார்த்தவர். நகைச்சுவைக்கும் அவருக்கும் வெகுதூரம். 1953இல் இருபத்தெட்டு அங்குல மரச் சக்கரம் ஒன்றைச் செய்து, அதன் விளிம்பில் சிரிப்பு பதிந்த நாடாவை ஒட்டினார். விசையை அழுத்தினால் சக்கரம் சிரித்தது. அவர் வேலையை விட்டுக் கிளம்பியபோது, எங்கள் நேரத்தில் செய்தது எங்களுக்கே சொந்தம் என்று நிறுவனம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. சில மாதங்களில் அது உடைந்துபோனது. டக்ளஸ் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து அடுத்ததைக் கட்டினார். இந்தத் தடவை பூட்டோடு!

இரண்டடிக்கு மேல் உயரம். டைப்ரைட்டர்போல விசைகள். எந்த வகைச் சிரிப்பு என்பதை விரல் முடிவு செய்தது. எவ்வளவு நேரம் என்பதைக் காலடி மிதி. குடும்பத் தலைவிகளின் கிளுகிளுப்பு ஒரு விசையில். முடிவுக்கு முன்பே ஜோக்கைப் பிடித்துக்கொள்ளும் முந்திரிக்கொட்டைக்கு ஒரு சிரிப்பு. எதுவும் புரியாமல் ஊரோடு சேர்ந்து சிரிக்கும் ஆசாமிக்கும் ஒன்று. என்னைக் கேட்டால், மனிதச் சிரிப்பை டக்ளஸ் அளவுக்குக் கூர்ந்து கேட்டவர்கள் நகைச்சுவை எழுத்தாளர்களிலேயே குறைவு. ஆனால், வசனம் கலக்காத சுத்தமான சிரிப்புக்கு எங்கே போவது? நகைச்சுவை நடிகர் ரெட் ஸ்கெல்டன் தன் நிகழ்ச்சியில் வாய் திறக்காமல் நடித்துக்காட்டும் பகுதிகள் கைகொடுத்தன. அங்கே சிரிப்பைத் தவிர வேறு சத்தமே இல்லை.

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஆள் தெரியாமல் எழும் அந்தச் சிரிப்பு இப்படித்தான் நடுக்கூடத்துக்கு வந்தது. 1960களில் ஹாலிவுட்டில் யாருக்குச் சிரிப்பு வேண்டுமென்றாலும் டக்ளஸுக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். அவர் பெட்டியை உருட்டிக்கொண்டு வருவார், படத்தைப் பார்ப்பார், சிரிப்பைத் தூவுவார், போய்விடுவார். பெட்டி கோளாறு செய்தால் ஆண்கள் கழிப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு பழுது பார்த்ததாக 1966இல் ‘டிவி கைடு’ இதழ் எழுதியது.

எதிர்ப்பும் கிளம்பியது. போர்க்கள மருத்துவமனையைப் பற்றிய ‘மேஷ்’ தொடரை எடுத்தவர்கள் இந்தச் சிரிப்பே வேண்டாம் என்று 1972இல் சி.பி.எஸ்.ஸோடு மல்லுக்கட்டினார்கள். அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று சமரசம் ஆனது. பிபிசியோ அந்தத் தொடரை ஒட்டுச்சிரிப்பு இல்லாமலே பிரிட்டனில் காட்டியது.

டக்ளஸ் 2003இல், தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். ஏழு ஆண்டுகள் கழித்து, பழம்பொருள்களுக்கு மதிப்புச் சொல்லும் ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ நிகழ்ச்சிக்கு அவருடைய பெட்டிகளில் ஒன்று வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட பெட்டியின் உள்ளே முப்பத்திரண்டு நாடா வளையங்கள், வளையத்துக்குப் பத்தாக மொத்தம் 320 சிரிப்புகள். மதிப்பீட்டாளர் சொன்ன விலை பத்தாயிரம் டாலர்.