இணையவழிப் பழந்துணி வணிகம் (வட சென்னை)

உடுத்திக் கழித்த துணியை வாங்கி, தரம் பிரித்து, துவைத்துத் தேய்த்து, கைப்பேசி வழியாக வேறொருவருக்கு விற்கும் தொழில் இது. இன்ஸ்டாகிராமில் 'த்ரிஃப்ட்' என்றும், வாட்ஸ்அப் குழுக்களில் 'ப்ரீ-லவ்டு' என்றும் அழைக்கப்படுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டிக் கிடக்கும் பகுதியில், வீட்டின் ஓர் அறையிலேயே நடத்தக்கூடிய சிறுதொழில்களில் இதுவும் ஒன்று. கைமுதல் குறைவு என்பதால் தொடங்குவது எளிது. மாதம் தவறாமல் காசு பார்ப்பது அவ்வளவு எளிதல்ல. நல்ல துணி தொடர்ந்து கைக்கு வர வேண்டும். வந்ததில் எது விலைபோகும், எது போகாது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால், எந்தச் செயலியில் விற்றாலும் தொழில் நிலைக்கும்.

'ரீசெல்லிங்' என்ற பெயரில் நடக்கும் இன்னொரு தொழிலை இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. 2015இல் தொடங்கிய மீஷோ போன்ற நிறுவனங்களால் பரவிய அந்த முறையில், புதுத் துணியின் படத்தை வாங்கிப் பகிர்ந்து, மேலே ஒரு தொகை வைத்து விற்பார்கள். அங்கே சரக்கு விற்பவர் கைக்கு வருவதே இல்லை. பழந்துணி வணிகத்தில் ஒவ்வொரு துணியும் கைபட்டுத்தான் போக வேண்டும்.

பின்னணி

வட சென்னை துணியால் வளர்ந்த ஊர். திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். வண்ணாரப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்தார்கள். இன்று அதே பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோடு மலிவு ஜவுளிக்குப் பெயர்போனது. பழைய பொருளைப் பேரம் பேசி வாங்கும் பழக்கத்தை இந்த நகருக்குக் கற்றுக்கொடுத்தது, 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்.

ஆனால் பழைய துணிக்கென்றே இருந்த உண்மையான ஏற்பாடு தெருவில் கூவிக்கொண்டு வரும் பாத்திரக்காரர்தான். நாலு சேலை, இரண்டு பேன்ட் கொடுத்தால் ஒரு எவர்சில்வர் குண்டான் கிடைக்கும். ஜரிகை போட்ட பட்டு என்றால் பேரமே வேறு. வீட்டுப் பெண்கள் தங்கள் கையால் நடத்திய இந்தப் பண்டமாற்றில், துணியின் தரத்தை விரலால் தடவியே சொல்லும் திறமை இரு பக்கமும் இருந்தது. இணைய வணிகம் செய்பவர்கள் இன்றும் நம்பியிருப்பது அந்தத் திறமையைத்தான்.

பிறர் உடுத்தியதை உடுத்துவதில் தமிழ்க் குடும்பங்களில் தயக்கம் உண்டு. இறந்தவர் துணி என்றால் பலர் தொடவே மாட்டார்கள். அதே வீடுகளில் அக்காவின் பாவாடை தங்கைக்குப் போகும். பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவதும் நைந்து மெத்தென்றான பழைய வேட்டியில்தான். யார் உடுத்தியது என்று தெரிந்தால் தயக்கம் குறைகிறது. 'கல்யாணத்துக்கு ஒரே முறை கட்டியது' என்று விற்பனைப் பதிவில் போடும் ஒரு வரிக்கு அதனால்தான் அத்தனை மதிப்பு. அது பொய்யாக இருந்தால் வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார்.

வரத்து

பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. ஆகவே வெளிநாட்டுப் பழந்துணி இங்கே மலிவாக வந்து இறங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்திய இறக்குமதிக் கொள்கையின்படி, உடுத்திய ஆடைகள் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. திரும்ப உடுத்த முடியாதபடி வெட்டிச் சிதைத்த கந்தலாக வந்தால்தான் தடையில்லை. குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பழந்துணியைப் பிரித்து மறு ஏற்றுமதி செய்கிறார்கள். ஹரியானாவின் பானிபட்டில் கம்பளிக் கந்தலை அரைத்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். எனவே 'இம்போர்ட் பண்டல், பிரித்துப் பார்க்காமல் எடுக்கணும்' என்று கைப்பேசியில் வரும் அழைப்பில் பணம் கட்டும் முன் பில்லைக் கேட்பது நல்லது. பில் தர மறுப்பவரிடம் வாங்கினால், சரக்கும் போகலாம், வழக்கும் வரலாம்.

நம்பத்தக்க வரத்து உள்ளூர் பீரோக்களில் இருக்கிறது. தெரிந்த வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், பாத்திரக்காரர்கள் எடுத்துவந்த மூட்டைகள் என்று அது வரும். போகிக்கு முந்தைய வாரம் இதில் முக்கியமானது. பழையதைக் கொளுத்தும் வழக்கத்தால் நகரம் புகையில் மூழ்குவதைத் தவிர்க்க, பழைய துணிகளை எரிக்காமல் ஒப்படைக்கும்படி மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் கேட்டுக்கொள்கிறது. அந்த வாரத்தில் வீடு வீடாகக் கேட்டால் நல்ல துணியும் கிடைக்கும், எரிப்பதும் குறையும்.

திருப்பூர் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' உடுத்தாத புதுத் துணி. அதைப் பழந்துணி என்று விற்பதும், பழந்துணியை அந்தப் பெயரில் விற்பதும் வாங்குபவரை ஏமாற்றுவதே.

எது விலைபோகும்

எம்.சி. ரோட்டில் புது டீ-ஷர்ட் மலிவாகக் கிடைக்கும்போது பழைய டீ-ஷர்ட்டுக்கு யாரும் அதே காசைத் தர மாட்டார்கள். தினசரி உடுத்தும் மலிவுத் துணியில் இந்தத் தொழிலுக்கு இடமில்லை. புதிதாக வாங்கினால் விலை அதிகம், உடுத்தும் வாய்ப்போ குறைவு என்ற வகைதான் தாக்குப்பிடிக்கும்: பட்டுச் சேலை, கல்யாண லெஹங்கா, கோட், குழந்தைகளின் விசேஷ உடை, பெயர்பெற்ற கம்பெனி ஜீன்ஸ்.

இவற்றில் சேலைக்கு இணை ஏதுமில்லை. உலகெங்கும் இணைய ஆடை விற்பனையைத் திணறடிப்பது அளவுச் சிக்கல். பொருந்தாமல் திரும்பி வரும் பார்சல்கள் லாபத்தைத் தின்றுவிடும். சேலைக்கு அளவே கிடையாது. சுமார் ஐந்தரை மீட்டர், யாருக்கும் பொருந்தும். ரவிக்கை மட்டும் ஒருவருக்கென்றே தைத்தது, அதை விலையில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டியதுதான். லிதுவேனியாவில் 2008இல் தொடங்கிய விண்டெட் போன்ற பெரிய தளங்கள் அளவு அட்டவணைகளோடு போராடும்போது, திருவொற்றியூரில் ஒருவர் அந்தத் தொல்லை இல்லாமல் தொழில் நடத்த முடிகிறது என்றால் அது சேலையின் கொடை.

பட்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கப் பூச்சு கொடுத்தது. பழைய பட்டு வாங்குபவர்கள் சேலையை எரித்து அந்த வெள்ளியைத்தான் எடுக்கிறார்கள். எனவே ஒரு காஞ்சிபுரச் சேலைக்கு வெள்ளி விலையே அடிவிலை. வெள்ளி ஏறினால் அதுவும் ஏறும். அந்த விலைக்கு மேல் ஒருவர் கட்டிக்கொள்ளத் தருவாரா என்பதே விற்பவரின் கேள்வி. கட்டக்கூடிய நிலையில் உள்ள ஒரு கைத்தறிச் சேலை உலைக்குப் போகாமல் இன்னொரு பெண்ணின் தோளுக்குப் போவதுதான் இந்தத் தொழிலின் ஆகச் சிறந்த பலன். செம்பு ஜரிகைக்கும் பிளாஸ்டிக் ஜரிகைக்கும் இந்த அடிவிலை கிடையாது. ஜரிகையை லேசாகச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். அதை மட்டும் நம்பி 'அசல்' என்று எழுதுவது ஆபத்து. சந்தேகம் இருந்தால் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அல்லது 'ஜரிகை சோதிக்கப்படவில்லை' என்று வெளிப்படையாகப் போட வேண்டும். 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்குத்தான் சான்று, ஜரிகைக்கு அல்ல.

வாங்கும்போது சேலையை முழுக்க விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே விட்டுப்போயிருக்கும். கையில் லேசாக இழுத்தால் 'சர்ர்' என்று கோடு விழும். கரையும் உடலும் சேருமிடம், முந்தானைக் குச்சம், பின்னூசி குத்திய தோள்பகுதி, கொலுசு மாட்டிய அடிக்கரை ஆகிய நான்கும் சேதம் ஒளிந்திருக்கும் இடங்கள். அடிக்கரையில் தைத்த ஃபால்ஸைப் பிரித்துப் பார்த்தால் சேலையின் பழைய நிறம் தெரியும். வெளியே எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல்.

கடலோரத்துப் பாதுகாப்பு

துணியைக் கெடுக்கும் சில சிரமங்கள் இங்கே உண்டு. அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வரும். மொட்டை மாடியில் உலர்த்திய வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் பூக்கும். அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை இது. விற்பனைத் துணியை அங்கே வீட்டுக்குள்தான் உலர்த்த வேண்டியிருக்கிறது. உப்புக்காற்றில் இரும்புப் பின்னும் ஊக்கும் துருவேறி, துணியில் போகாத கறையை விடும். காற்றில் கந்தகச் சேர்மங்கள் இருந்தால் வெள்ளி ஜரிகை கறுக்கும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் அடைத்த பட்டில் பூஞ்சை பிடிக்கும்.

பழைய மல் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயர்த்திய இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவது பாட்டிமார் செய்ததுதான். இன்றும் இதைவிட நல்ல வழி இல்லை. பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது. அதன் வாசனையோடு பார்சல் போனால் வாங்கியவர் மூக்கைப் பிடிப்பார்.

விற்பனை

2020 ஊரடங்குக் காலத்தில் இன்ஸ்டாகிராம் த்ரிஃப்ட் பக்கங்கள் இந்தியா முழுவதும் பெருகின. அமெரிக்காவின் போஷ்மார்க் 2021இல் இந்தியாவுக்கு வந்து 2023இல் கடையைக் கட்டியது. தளம் போனாலும், வாடிக்கையாளர் எண்களைத் தம் கைப்பேசியில் வைத்திருந்த விற்பனையாளரின் தொழில் போகாது. எந்தத் தளத்தில் விற்றாலும் வாங்கியவரை ஒரு வாட்ஸ்அப் பட்டியலுக்குக் கொண்டுவருவது அதனால்தான் அவசியம்.

படம் காலை வெயிலில், ஃபில்டர் இல்லாமல், முன்பக்கம், பின்பக்கம், கரை, முந்தானை என்று எடுக்க வேண்டும். சேதம் இருந்தால் அதன் மேல் விரலை வைத்து ஒரு படம். தைத்த ஆடைக்கு லேபிளில் உள்ள அளவு போதாது. பழைய துணி துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும் என்பதால் மார்பு, இடுப்பு, உயரத்தை டேப்பால் அளந்து எழுத வேண்டும். ஜி-பே ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பக் கூடாது, வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்க்க வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யலாம்.

இணையத்தால் இந்தப் பகுதிக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது சுற்றுவட்டாரத்தில் கைப்புழக்கம் சுருங்கும். கோவையிலும் மதுரையிலும் வாடிக்கையாளர் இருப்பவருக்கு அந்த இரண்டு மாதமும் வியாபாரம் ஓடும்.

கணக்கும் சட்டமும்

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு. ஒரு உருப்படி 60 ரூபாய் வீதம் 100 உருப்படி எடுத்தால் 6,000. அதில் 70 தேறி, துவைக்க, தேய்க்க, கவர் போடத் தலா 25 என்றால் 1,750. மொத்த முதல் 7,750. சராசரி 250 ரூபாய்க்கு 45 விற்றால் வரவு 11,250, மிச்சம் 3,500. முப்பதுதான் விற்றதென்றால் 250 ரூபாய் நஷ்டம். ஓர் உருப்படிக்கு அரை மணி நேரம் உழைப்பு என்று வைத்தாலும் 70க்கு 35 மணி நேரம். நன்றாக விற்ற மாதத்திலும் மணிக்கு 100 ரூபாய்தான். லாட்டாக வாங்குவதைவிட, சேலையின் சொந்தக்காரரிடமே உரிமையை விட்டுவைத்து, விற்றபின் கமிஷன் எடுக்கும் முறை சிறு முதலுக்குப் பாதுகாப்பானது.

தன் சொந்தத் துணியை எப்போதாவது விற்பவர் வணிகர் அல்ல; உடுத்தும் ஆடை வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தும் அல்ல. வாங்கி விற்பதே வாடிக்கையானால் நிலைமை வேறு. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். ஆனால் பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. அதற்கு இந்த வரம்பு பொருந்தாது, பதிவு வேண்டும். இது தெரியாமல் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பதிவு செய்தவருக்கு ஒரு சலுகை இருக்கிறது: உள்ளீட்டு வரி வரவு எடுக்காத பழைய பொருள் வணிகர், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். அதற்கு எந்தச் சேலை எவ்வளவுக்கு வாங்கியது என்ற பதிவேடு வேண்டும். ஒரு நூறு பக்க நோட்டு போதும்.

விற்காதது

விற்காமல் தேங்கும் துணியை மூட்டையாக வைத்திருப்பதே பல வீடுகளில் இந்தத் தொழில் நின்றுபோகும் காரணம். பருத்தி என்றால் பொத்தானும் ஜிப்பும் நீக்கி, வெட்டி, கிலோ கணக்கில் வேஸ்ட் துணியாகப் போடலாம். காசிமேட்டில் படகு இன்ஜின் துடைக்கவும், எண்ணூர் நெடுஞ்சாலையின் டிரெய்லர் லாரி பட்டறைகளிலும் அதற்குத் தேவை எப்போதும் உண்டு. பாலியஸ்டரைப் பட்டறைக்காரர் எடுக்க மாட்டார். அது குப்பைக்குத்தான் போகும். ஆகவே பாலியஸ்டர் கலந்த மூட்டையை எடுக்கும்போதே விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும், குறையாவிட்டால் விட்டுவிட வேண்டும்.