குடிசைமாற்று

குடி என்னும் சொல்லடியாகப் பிறந்த குடிசை, தமிழில் ஓலையோ புல்லோ வேய்ந்த சிறு வீட்டைக் குறிக்கும்; தெலுங்கிலும் ‘குடிசெ’ என இதே பொருளில் வழங்குகிறது. 1970இல் சென்னையில் குடிசை மாற்று வாரியம் அமைந்தபின், கூரை வீட்டைக் காரை வீடாக்குதல் என்ற பொருளில் ‘குடிசைமாற்று’ ஆட்சிச்சொல்லாயிற்று. ஆயினும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூரையைப் பாராமல், பாழடைவு, நெரிசல், காற்றும் வெளிச்சமும் இன்மை போன்றவற்றால் மனிதர் குடியிருக்கத் தகாத கட்டடங்கள் மிகுந்த இடத்தைச் சுட்டுவதால், ஓட்டு வீடும் மச்சு வீடும்கூட, சொல்லின் நேர்ப்பொருளை மீறி, இதனுள் அடங்கும். கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டோடு பள்ளியும் பிழைப்பும் மாறிப்போனதை நோக்க, ‘மாற்று’ சற்றே மென்மையான சொல். 2021இல் வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியும், அக்குடியிருப்புகளைச் சென்னைப் பேச்சு ‘ஹவுசிங் போர்டு’ என்றே வழங்குகிறது.