பல்லிலிருந்து பேருரு: மாபெருங் குரங்கின் மீளுருவாக்கம் பற்றிய ஒரு நோக்கு

முருங்கனை அடுத்துள்ள கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலேயர் ‘இராட்சதக் குளம்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். அதன் கரையை எழுப்பியவையோ மண் சுமந்த மனிதக் கைகள். பேரளவினதைக் கண்டவிடத்து இராட்சதரைக் கற்பிக்கும் இவ்வியல்பு அறிவியலையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு ஜைகாந்தோபித்தேக்கஸ் எனும் மாபெருங் குரங்கின் ஆய்வு வரலாறு சான்றாகும்.

1935இல் கொனிக்ஸ்வால்ட் என்ற ஆய்வாளர் ஹொங்கொங் மருந்துக்கடையொன்றில் ‘டிராகன் பல்’ என விற்கப்பட்டவற்றுள் மிகப் பெரிய கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டு புதிய பேரினம் வகுத்தார். கையிலிருந்தவை சில பற்களே. ஆயினும் வைடன்றைக், மனிதன் இராட்சத முன்னோரிலிருந்து தோன்றினான் என 1946இல் நூலெழுதினார்.

முதற் கீழ்த்தாடை 1956இல் தென்சீனத்துக் குவாங்சியில் வெளிப்பட்டது. சீவாலிக் படிவுகளிற் கிடைத்த பெரும்பல்லொன்றை 1915இலேயே பில்கிரிம் விவரித்திருந்தார். பிலாஸ்பூரை அடுத்த ஹரிதல்யாங்கரின் கீழ்த்தாடை 1968இல் ஆய்வாளர் கைக்கு வந்தது. மறு ஆண்டு சைமன்ஸும் சோப்ராவும் அதற்குப் பெயரிட்டனர். இன்று அறிஞர் பலர் அதனை இந்தோபித்தேக்கஸ் என வேறு பேரினமாகக் கொள்வர். இவ்விரு தாடைகளையும் முதலிற் கண்டெடுத்தோர் உழவர் என்பது நோக்கற்பாலது.

சீன இனத்துக்கு இதுவரை கிடைத்தவை நான்கு கீழ்த்தாடைகளும் ஏறத்தாழ 2,000 பற்களும் மாத்திரமே. மண்டையோடோ கை கால் எலும்போ இல்லை. மூன்று மீற்றர் உயரம், 300 கிலோகிராம் எடை என்பன வாழும் குரங்குகளின் பல், உடல் விகிதங்களைக் கொண்டு பெற்ற மதிப்பீடுகள். வன்மையான தாவர உணவை மெல்லும் விலங்குக்கு உடலளவினை மிஞ்சிய பற்கள் அமையலாமாதலின், அம்மதிப்பீடு உறுதியானதன்று. 2019இல் 19 இலட்சம் ஆண்டுப் பழைமையுடைய பல்லின் மிளிரியிலிருந்து பெற்ற புரதங்கள், இவ்விலங்கு ஒராங்குட்டானின் உறவினம் என நிறுவின. மனித மூதாதைக் கொள்கைக்கு இனி இடமில்லை. 295,000 முதல் 215,000 ஆண்டுகளுக்கு முன், காடுகள் மாறுபட, இவ்வினம் அழிந்தது என்பது 2024இல் வெளியான ஆய்வின் முடிபு.

முருங்கன் நிலத்தடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணக்கல் ஆழமற்ற கடலடியிற் படிந்தது. அங்கு நாம் எதிர்பார்க்கத்தக்கவை குரங்கின் எலும்புகளல்ல, கடலுயிர்களின் ஓடுகளே. கல் சொல்வதற்கு மேல் நாம் சொல்லலாகாது. மீளுருவாக்கப்பட்ட உருவம் எதுவாயினும், அதிற் கண்டெடுத்தது எது, ஊகித்தது எது எனப் பிரித்துக் காட்டுதல் ஆய்வாளரின் கடன். அவ்வாறு கேட்டறிதல் மக்களின் உரிமை.