ரப்பரா, ஸ்பிரிங்கா? போர்ஷே 911 கிளட்ச் புராணம்

ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிளட்ச் மாத்தணும், எதைப் போடலாம்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் வர்ற பதில் "நல்லா கெட்டியாப் பிடிக்கிறதா பார்த்துப் போடு" என்பதுதான். ரேஸ் மைதானத்துக்கு அது சரியான பதில். தினமும் சிக்னல்ல நின்னு நின்னு போற வண்டிக்கு அது அரைகுறைப் பதில். ரோட்டில் ஓடுற காருக்குக் கிளட்ச் எவ்வளவு இறுக்கிப் பிடிக்குது என்பதைவிட, அதன் நடுவுல எது மெத்தை மாதிரி இருந்து அதிர்ச்சியை வாங்கிக்குது என்பதுதான் பெரிய கேள்வி. இதை போர்ஷே கம்பெனியே ரெண்டு தடவை அடிபட்டுத்தான் கத்துக்கிட்டது. 1978-ல் ஒரு தடவை, 1989-ல் இன்னொரு தடவை. ரெண்டு தடவையும் ஆள் ஒருத்தர்தான்: ரப்பர்.

(முன்னெச்சரிக்கை: நான் 911 ஓட்டினதில்லை. மாருதி 800-ல் ஹாஃப் கிளட்ச் பழகின கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆனா படிக்கிறதுக்கு லைசென்ஸ் தேவையில்லையே!)

முதலில் கொஞ்சம் அடிப்படை. இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல், எதிரே பிரஷர் பிளேட், ரெண்டுக்கும் நடுவே சாண்ட்விச் மாதிரி கிளட்ச் பிளேட். மொத்த சமாச்சாரம் இவ்வளவுதான். கார் பிறந்த புதிதில் பல வண்டிகளில் தோல் சுத்திய கூம்பு வடிவக் கிளட்ச் இருந்தது. தோல் காய்ஞ்சா வெடுக்குன்னு பிடிக்கும், அதனால எண்ணெய் தடவணும். எண்ணெய் கூடிப் போனா வழுக்கும், அப்போ களிமண் பொடியைத் தூவணும். அந்தக் காலத்து டிரைவர்கள் ரெண்டையும் பக்கத்திலேயே வச்சிருந்தாங்க. அப்புறம் வந்தது ஆஸ்பெஸ்டாஸ் லைனிங். அதைப் பத்திக் கடைசியில் சொல்றேன்.

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நாலு விஷயத்தைப் பொறுத்தது: அழுத்தும் விசை, உராய்வு, பிளேட்டோட அகலம், உரசும் பக்கங்களின் எண்ணிக்கை. விசையைக் கூட்டினா இடது கால் வலிக்கும். உராய்வைக் கூட்ட உலோகத் துண்டு பதிச்ச பிளேட் போட்டா, மெதுவா விடுறதுக்கு இடமே இருக்காது, பிடிச்சா பிடி, விட்டா விடு. அகலத்தைக் கூட்டினா சுத்துற எடை கூடி இன்ஜின் சோம்பேறியாகும். ஆக, எதைக் கூட்டினாலும் எங்கேயோ ஒரு விலை உண்டு.

இந்தக் கணக்கில் வராத அஞ்சாவது விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கதையே அதுதான்.

911-இன் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு சுத்துக்கும் மூணு தடவை வெடிக்குது. வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் ஒரு உந்து உந்தும், அடுத்த வெடிப்பு வரைக்கும் கொஞ்சம் தளரும். வேகமா சுத்தும்போது இது தெரியாது. மெதுவா, மேல் கியரில், ஊருக்குள்ள உருட்டிக்கிட்டுப் போகும்போது இந்த உந்தல் கியர்பாக்ஸுக்குள் போய், சும்மா சுத்திக்கிட்டிருக்கிற கியர் பற்களை ஒண்ணோட ஒண்ணு மோத விடும். கடகட கடகடன்னு டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டின மாதிரி சத்தம். இதைத் தடுக்கத்தான் கிளட்ச் பிளேட் நடுவுல வட்டமா குட்டி ஸ்பிரிங்குகள் வைப்பாங்க. பிளேட்டின் வெளிப்பக்கம் இன்ஜினோட துடிக்கும், நடுப்பக்கம் அமைதியா சுத்தும்.

1978 மாடலில் 911 எஸ்.சி. வந்தது. 3 லிட்டர், 180 குதிரைத் திறன், 265 நியூட்டன் மீட்டர் டார்க். அப்போ இந்த வண்டி ரேஸ்காரங்களுக்கு மட்டுமான பொருள் இல்லை. டாக்டரும் வக்கீலும் தினமும் வேலைக்கு ஓட்டிப் போறாங்க. கடகட சத்தம் அவங்களுக்குப் பிடிக்குமா? போர்ஷே இன்ஜினியர்கள் ஸ்பிரிங்கை எடுத்துட்டு, நடுவுல பெரிய ரப்பர் வச்ச பிளேட்டைக் கொண்டு வந்தாங்க. சத்தம் அடங்கிடுச்சு. அதே வருஷம் வந்த 3.3 லிட்டர் டர்போவிலும் இதே வைத்தியம். ஆனா ரப்பர் வச்ச பிளேட் தடிமன், இடம் பத்தலை. என்ன பண்ணாங்க தெரியுமா? இன்ஜினையே 30 மில்லிமீட்டர் பின்னால தள்ளி வச்சாங்க! ஏற்கெனவே பின் சக்கரத்துக்கும் பின்னால இன்ஜின் தொங்குற கார். வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டா வால் முந்திக்கிட்டு வரும்னு பேர் வாங்கின கார். அதில் எடையை இன்னும் பின்னால தள்ளியாவது சத்தத்தைக் குறைக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்கன்னா, அந்த கடகட எவ்வளவு பெரிய தலைவலியா இருந்திருக்கணும்!

ரப்பர் புதுசா இருக்கும்போது அருமைதான். ஆனா கிளட்ச் இருக்கிற இடம் அடுப்பு மாதிரி. போதாததுக்கு கிராங்க் சீல் கசிஞ்சா எண்ணெயும் வந்து சேரும். வருஷக் கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் பிஞ்சு போக ஆரம்பிச்சது. பிஞ்ச துண்டு சும்மா கீழே விழுந்தாக்கூட பரவாயில்லை. பிளேட்டுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல போய் மாட்டிக்கும். அப்புறம் பெடலை எவ்வளவு அமுக்கினாலும் கிளட்ச் விடாது. சிக்னல்ல நிக்கணும், வண்டி கியரிலிருந்து வர மாட்டேங்குது. நினைச்சுப் பாருங்க.

சரி, பிளேட்டை மாத்திட வேண்டியதுதானே? அங்கேதான் 911-இன் விசேஷம். எஸ்.சி.யில் கிளட்சைத் தொடணும்னா இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து கீழே இறக்கணும். பிளேட் விலையைவிடக் கூலி அதிகம். தப்பானதைப் போட்டு மறுபடியும் இறக்கினா, வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

கடைசியில் என்ன ஆச்சு? பழைய ஸ்பிரிங் வச்ச பிளேட்டே திரும்ப வந்தது. ரப்பர் பிளேட் போன எஸ்.சி.களில் எல்லாம் ஸ்பிரிங் பிளேட் போடுறது வழக்கமாச்சு. மெதுவா போகும்போது கொஞ்சம் சத்தம் வரும், ஆனா நடுத்தெருவில் நிறுத்தாது. 1987-ல் கேபிளுக்குப் பதில் ஹைட்ராலிக் கிளட்ச், 240 மில்லிமீட்டர் பிளேட், ஜி50 என்கிற புது கியர்பாக்ஸ் எல்லாம் வந்து பெடலும் கியரும் பழகினதுக்கு இதமாச்சு.

இதோட ரப்பர் ஆசை விட்டிருக்கணும். விடலை.

1989-ல் 964 என்கிற அடுத்த தலைமுறை வந்தது. 3.6 லிட்டர், 250 குதிரைத் திறன். இந்தத் தடவை மெத்தையை கிளட்ச் பிளேட்டிலிருந்து ஃப்ளைவீலுக்கு மாத்தினாங்க. ஃப்ளைவீலை ரெண்டாகப் பிளந்து, ஒரு பாதி இன்ஜினோட, இன்னொரு பாதி கிளட்சோட, நடுவுல மெத்தை. கியர்பாக்ஸ் பக்கம் எடை கூடுறதால, மொத்த அமைப்பும் ஒத்ததிர்ற வேகம் ஐடிலுக்கும் கீழே இறங்கிடும். ஓடும்போது அந்தப் பிரச்சினையே எழாது. உண்மையிலேயே அழகான யோசனை. ஆனா முதலில் வந்த ஃபிராய்டன்பர்க் ஃப்ளைவீலில் அந்த மெத்தை... ஆமா, ரப்பர்! அதுவும் பிஞ்சது. 1992-ல் லூக் கம்பெனியின் எஃகு ஸ்பிரிங் வச்ச ஃப்ளைவீல் அந்த இடத்தைப் பிடிச்சது. (ஜெர்மனியின் ப்யூல் நகரத்துக் கம்பெனி இந்த லூக். நம்ம ஓசூரிலும் அவங்க கிளட்ச் தொழிற்சாலை வந்தது. அந்தப் பக்கம் போறப்ப இனி ஒரு மரியாதையோட பாருங்க.)

இதே காலத்தில் 964 ஆர்.எஸ். என்ற இளைச்ச பதிப்பில் ரெட்டை ஃப்ளைவீலையே தூக்கிட்டு, லேசான ஒத்தை ஃப்ளைவீல் போட்டாங்க. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டா இன்ஜின் துள்ளும். ஆனா ஐடிலில் அதே கோலிக்குண்டு சத்தம், சிக்னலுக்கு வந்து கிளட்சை அமுக்கினா சில சமயம் இன்ஜினே அணைஞ்சிடும். அதிலேயே கொஞ்சம் சொகுசான டூரிங் பதிப்புக்கு மட்டும் ரெட்டை ஃப்ளைவீலைத் திரும்பக் கொடுத்தாங்க. யாருக்கு எதுன்னு கம்பெனியே பிரிச்சு வச்சுட்டது, பாருங்க.

இந்த வழியோட உச்சம் 2003-ல் வந்த கரேரா ஜி.டி. 612 குதிரைத் திறன், அதுக்கு வெறும் 169 மில்லிமீட்டர் விட்டத்தில் ரெண்டு பிளேட் வச்ச செராமிக் கிளட்ச். சின்னதா இருந்ததால இன்ஜினைத் தரையோட ஒட்டி வைக்க முடிஞ்சது. பதிலுக்கு, வண்டியைக் கிளப்புறதே ஒரு பரீட்சை. ஆக்ஸிலரேட்டரைத் தொடாம கிளட்சை மட்டும் மெல்ல விடணும். நம்ம வழக்கப்படி கொஞ்சம் ரேஸ் பண்ணி ஹாஃப் கிளட்ச் விட்டா பொட்டுனு அணைஞ்சிடும். அனுபவசாலிகளையே கூட்டத்துக்கு நடுவுல அவமானப்படுத்தின கிளட்ச் அது.

இதையெல்லாம் தோண்டக் காரணம் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் ஒரு நண்பர். கைக்கு வந்து கொஞ்ச நாளான பழைய எஸ்.சி.க்குக் கிளட்ச் மாத்தற நேரம் வந்துடுச்சு. ஒரு ஒர்க்ஷாப்பில், "பழைய பிளேட் எல்லாம் எதுக்கு சார், உலோகத் துண்டு வச்ச ரேஸ் பிளேட் போட்டுடலாம், ஜென்மத்துக்கும் வழுக்காது"ன்னு சொல்லியிருக்காங்க. போன் பண்ணி, "என்னடா பண்றது?"ன்னார்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இன்ஜின்ல ஏதாவது மாத்தியிருக்கியா?" இல்லைன்னார். அப்போ வழுக்குற பிரச்சினையே கிடையாது. 265 நியூட்டன் மீட்டருக்கு கம்பெனி கொடுத்த 225 மில்லிமீட்டர் அளவே தாராளம். உலோகத் துண்டுப் பிளேட் ஃப்ளைவீலையும் சேர்த்துத் தின்னும், பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் வண்டி முயல் மாதிரி குதிக்கும். கெட்டியான பிரஷர் பிளேட்டும் வேண்டாம், கேபிள் கிளட்ச் வண்டியில் அந்தப் பாரம் முழுக்க காலில்தான் விழும். சாதா ஆர்கானிக் லைனிங், நடுவுல ஸ்பிரிங், ஸாக்ஸ் மாதிரி கம்பெனிக்கே சப்ளை பண்ற ஆளோட பொருள், இது போதும்னு சொன்னேன். 964 வச்சிருக்கிறவங்க கேட்டா வேற பதில்: ஊருக்குள்ள ஓட்டுறதுன்னா எஃகு ஸ்பிரிங் ரெட்டை ஃப்ளைவீலே நல்லது. லேசான ஃப்ளைவீல் ஆசை இருந்தா போடுங்க, ஆனா கிளட்ச் பிளேட்டையும் ஸ்பிரிங் வச்சதா மாத்தணும். ஏன்னா ரெட்டை ஃப்ளைவீலுக்கான பிளேட்டின் நடுவுல மெத்தையே கிடையாது. இதை மறந்து ரெண்டு இடத்திலும் மெத்தை இல்லாம ஓட்டினா கியர்பாக்ஸ்தான் பாவம்.

இன்ஜின் கீழே இறங்கினதும் பிளேட்டோட நிறுத்திடக் கூடாதுன்னும் சொல்லி வச்சேன். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் சீல், கேபிள் எல்லாத்தையும் அப்பவே மாத்திடணும். ஃப்ளைவீல் முகத்தை நல்லா பார்த்து, சூட்டில் நீலம் பாய்ஞ்ச புள்ளிகள் இருந்தா கடையணும், இல்லைன்னா புதுசு.

அப்புறம் அந்த ஆஸ்பெஸ்டாஸ். ஜெர்மனி அதைத் தடை பண்ணினது 1993-ல்தான். அதுக்கு முந்தின காலத்துக் கிளட்ச் லைனிங்குகளில் பெரும்பாலும் அது இருக்கும். நாப்பது வருஷமா திறக்காத ஒரு வண்டியோட கியர்பாக்ஸ் மணிக்கூடுக்குள்ள கறுப்பா படிஞ்சிருக்கிற தூசியில் அது எவ்வளவுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் காத்தடிச்சு ஊதக் கூடாது, ஈரத்துணியால துடைச்சு, துணியைப் பையில் கட்டிப் போடணும். நண்பர்கிட்ட கடைசியா சொன்னதும் இதைத்தான்: ஒர்க்ஷாப்பில் ஏர் ஹோஸைக் கையில் எடுத்தாங்கன்னா, நீ வெளியே வந்துடு, அவங்களையும் வெளியே கூட்டிட்டு வந்துடு.