ஒளியை எண்ணிய கைகள்: தீனதயாளும் ஐதராபாத்தின் ஒளிப்படங்களும்

கேமராவைத் தன்னியக்கத்திலிருந்து விடுவித்துக் கையால் இயக்கப் பழகுபவர் இன்று மூன்றைக் கற்கிறார்: லென்ஸின் துளையளவு, ஒளிபடும் நேரம், ஒளியை உணரும் திறன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மூன்றையும் கணிக்க மனிதக் கண்ணும் கையுமே இருந்தன. அந்தக் கணிப்பின் வரலாற்றை அறியாமல் பழைய ஒளிப்படங்களைச் சான்றாகக் கொள்வது ஆய்வாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஐதராபாத் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

மீரட்டை அடுத்த சர்தானாவில் 1844இல் பிறந்த லாலா தீனதயாள், ரூர்க்கியின் தாமசன் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1866இல் இந்தூர் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் சேர்ந்தார். கேமராவை அவர் கையிலெடுத்தது 1874 வாக்கில். 1880களின் நடுவில் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் அரசவை ஒளிப்படக் கலைஞரானார். 1886இல் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ நிறுவினார். அளப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒளியை அளக்க வந்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

அவர் பழகத் தொடங்கிய காலத்தில் ஈரக் கொலோடியன் முறையே பரவலாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்களே வாய்க்கும். தக்காணத்தின் கோடையில் அதுவும் குறையும். ஷட்டர் கிடையாது. லென்ஸின் மூடியைக் கழற்றி, நொடிகளை எண்ணி, மீண்டும் மூடுவதே முறை. துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவு கூடும்; ஆனால் எண்ண வேண்டிய நொடிகளும் கூடும். அசையாத கோட்டைக்கு அது பொருந்தும், அசையும் மனிதருக்குப் பொருந்தாது.

1880களில் ஜெலட்டின் உலர்தகடுகள் பரவியபோது நிலைமை மாறியது. ஒளிபடும் நேரம் நொடியின் சிறு பகுதியாகச் சுருங்கியது. மூடியை எடுத்து வைக்கும் கைக்கு அந்த வேகம் வராது என்பதால் ஷட்டர் இன்றியமையாததாயிற்று. படை அணிவகுப்புகளையும் ஊர்வலங்களையும் தீனதயாள் நிறுவனம் பதிவுசெய்ய முடிந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

ஆயினும் இரு வகைத் தகடுகளுக்கும் ஒரு பொதுக் குறை இருந்தது. அவை நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. வானம் வெளிறியது, சிவப்பும் பழுப்பும் இருண்டன. எனவே தென்னிந்தியரின் தோல்நிறம் இயல்பினும் கருமையாகப் பதிந்தது. முகத்திற்காக நேரத்தைக் கூட்டினால் வெண்ணிற உடையின் மடிப்புகள் மறைந்துபோகும். உடைக்காகக் குறைத்தால் முகம் இருளில் அமிழும். பச்சையையும் மஞ்சளையும் ஓரளவு உணரும் தகடுகள் பின்னர் விற்பனைக்கு வந்தபோதும், சிவப்பு இருளாகவே நீடித்தது. இந்திய மக்களைச் சாதி, இனவாரியாக வகைப்படுத்திக் காலனிய அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ஒளிப்பட நூல் இத்தகைய தகடுகளின் காலத்தது. அப்படங்களில் காணும் நிறத்தை மக்களின் நிறமாகவே வாசிப்பது, வேதியியலை மானிடவியலாகக் கொள்வதாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 1892இல் ஐதராபாத்தில் பர்தா மகளிருக்கெனத் தனி ஸ்டூடியோ திறக்கப்பட்டது. அதனைத் திருமதி கென்னி-லெவிக் நடத்தினார். நிஜாம் 'முசவ்விர் ஜங்' என்னும் பட்டத்தைத் தீனதயாளுக்கே வழங்கினார். படங்களும் அவர் பெயரையே தாங்கி நின்றன. ஆனால் தகடு பூசியவர், நொடிகளை எண்ணியவர், இருட்டறையில் கழுவியவர் எனப் பல கைகள் அப்பெயருக்குள் அடங்கியுள்ளன.

தீனதயாள் 1905இல் மறைந்தார். 1989இல் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் அவருடைய 2,857 கண்ணாடித் தகடுகளைப் பெற்றது. அவற்றை அணுகும் மாணவர், படத்தில் இருப்பவர் யார் என்பதோடு நின்றுவிடலாகாது. எந்தத் தகடு, எத்தனை நொடி, எவ்வளவு துளை, யாருடைய கை என்றும் கேட்க வேண்டும். கல்வெட்டை வாசிப்பவர் உளியின் போக்கையும் கல்லின் தன்மையையும் அறிந்தே எழுத்தை முடிவுசெய்கிறார். ஒளிப்படமும் அத்தகைய வாசிப்பையே வேண்டி நிற்கிறது.