குடிமராமத்து (செங்கல்பட்டு வட்டாரம்)

குடிமராமத்து என்பது ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றை அவற்றின் நீரால் பயிரிடும் குடிகளே தம் உழைப்பாலும் விளைச்சலில் ஒதுக்கிய பங்காலும் பேணிவந்த வழக்கத்தையும், பிற்காலத்தில் அதே பெயரில் அரசு நடத்திய திட்டங்களையும் குறிக்கும். பாலாற்றங்கரை முதல் மாமல்லபுரக் கடலோரம் வரையிலான செங்கல்பட்டு வட்டாரம் பெரிதும் ஏரிகளையும் தாங்கல் எனப்படும் சிற்றேரிகளையும் நம்பிப் பயிரிட்டு வந்தமையால், இவ்வழக்கத்தில் நேர்ந்த மாற்றங்கள் இங்குத் தெளிவாகத் தெரிகின்றன. கரைக்கு மண் அணைத்தல், மதகைச் செப்பனிடுதல், மிகுநீர் வழிந்தோடும் கலங்கலைக் காத்தல், மழைநீரை ஏரிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாருதல் ஆகியன இதன் பணிகளாம்.

முற்காலச் சான்றுகளில் தலையாயவை, முன்னாள் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (919, 921) பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளாகும். ஊர்ச்சபையின் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை அவை காட்டுகின்றன. விசயநகர, நவாபு ஆட்சிக் காலங்களுக்கு இத்தகைய தெளிவான சான்றுகள் குறைவு.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி இதற்கு மாறானது. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கிடைத்த இந்நிலப்பகுதி ஜாகீர் எனப்பட்டது. 1767 முதல் 1774 வரை கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்டு அதன் ஊர்களை அளந்து தொகுத்த கணக்குகள், ஊர்ப்பொது விளைச்சலைக் களத்தில் பங்கிடும்போது கணக்கர், தச்சர், கருமார் ஆகியோருக்கும் கோயிலுக்கும் போல ஏரிக்கும் பங்கு எடுத்து வைக்கப்பட்டதைக் காட்டுகின்றன. குடும்பங்களுக்கு நிகராக ஏரியும் நெல் பெறும் ஓர் உறுப்பாகக் கணக்கில் நின்றது இப்பதிவுகளின் அரிய செய்தி. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பாழாகின. ஏரிகளின் சீர்கேட்டுக்கு இப்போரே முதற்காரணம் என்பாரும், ஏரிக்கு ஒதுக்கிய பங்கு கும்பினியின் வரிவருவாயில் கரைந்ததே காரணம் என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்தே அச்சீர்கேட்டை விளைவித்தன எனக் கொள்வதற்கும் இடமுண்டு.

1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். ஆண்டுதோறும் உடைந்துவந்த மதுராந்தகம் ஏரிக்கரையை மழையிரவொன்றில் இராமரும் இலக்குவனும் வில்லேந்திக் காவல் நின்றதை அவர் கண்டதாகக் கோயில் வழக்காறு கூறும். ஏரி காத்த ராமர் என்னும் பெயர் அதனால் வந்தது என்பர். காட்சி வழக்காறே ஆயினும், தாயார் சன்னிதித் திருப்பணி அவருடையது என்று கோயிலிலுள்ள கல்வெட்டு குறிக்கிறது.

வேடந்தாங்கல் ஊரார், தம் ஏரியில் பறவைகளைச் சுட்ட சிப்பாய்களைத் தடுக்குமாறு முறையிட, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு உறுதிசெய்யும் கவுல், அதாவது எழுத்து உடன்படிக்கை, பிளேஸ் காலத்தில் வழங்கப்பட்டது. பெரும்பாலான நூல்கள் அதன் ஆண்டை 1798 என்கின்றன. நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும் கொக்கு, நாரை, நீர்க்காகம் ஆகியவற்றின் எச்சம் கரைந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பது உழவர் அறிந்த உண்மை. ஆகவே ஊராருக்குப் பறவைக் காவல் ஏரிப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1858இல் ஊராரின் வேண்டுகோளின்பேரில் இவ்வுரிமை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

அதே 1858இல் இயற்றப்பட்ட சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்தைச் செய்யாதவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு தண்டம் வசூலிக்க இடமளித்தது. ஏரிப்பங்கை இழந்த பின்னும் கடமை மட்டும் குடிகள்மேல் எஞ்சியது. 1876–78 பஞ்சத்துக்குப் பின், 1883இல், ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. விடுதலைக்குப் பின் 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடமும், பெரியவை பொதுப்பணித் துறையிடமும் சேர்ந்தன. 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் பாசனச் சங்கங்களுக்கு வழிசெய்தது.

2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய குடிமராமத்துத் திட்டம், முதற்கட்டமாக மாநிலம் முழுதும் ரூ.100 கோடியில் 1,519 பணிகளை எடுத்துக்கொண்டது. செலவில் 10 விழுக்காட்டை ஆயக்கட்டுதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது விதியாக இருந்தது. திருப்போரூர் முதலிய இடங்களில் வயல்கள் மனைகளானதால், பங்கு தரவேண்டிய ஆயக்கட்டுதாரர்களே குறைந்துவந்தது இத்திட்டத்தின் அடிப்படைச் சிக்கலாக இருந்தது.

முன்பு ஊரார் காவலில் இருந்த வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை 1998இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பரப்பில் தனியார் பட்டா நிலங்களும் அடங்கும்; அதை 3 கி.மீ. ஆகக் குறைக்க 2020இல் எழுந்த முன்மொழிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2022இல் வேடந்தாங்கலும் அதன் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. ஏரி வண்டலை உழவர் கட்டணமின்றி எடுக்க 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்கப்பட்டது. அளவு நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர்.